எனக்குப் பிடித்த காலிபரும் பிடிக்காத காலிபரும்

போன மாதம் லீவுக்கு வந்திருந்த பேரன் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். திரையில் பத்துப் பதினைந்து துப்பாக்கிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் பலம் எவ்வளவு என்று ஒரு கோடு. எந்தத் துப்பாக்கிக்குக் கோடு நீளமோ அதை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "தாத்தா, நிஜத்துல எது பெஸ்ட்டு? பெரிய குண்டு போடறதுதானே?" என்று கேட்டான்.

"இல்லடா" என்று சொன்னேன். ஏன் இல்லை என்று சொல்வதற்குள் அவன் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் பொறுமை அதிகம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேட்டை நல்லது, திரும்ப வரவேண்டும் என்று நான் எழுதவில்லை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த வாசலையும் 1991ம் வருடத் திருத்தம் சாத்திவிட்டது. நல்லதே நடந்தது. ஆனால் சாத்திய கதவு இப்போது காட்டுப்பன்றி விஷயத்தில் கொஞ்சம் திறந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பழைய கதைக்கு ஒரு பயன் இருக்கும் என்று தோன்றியது.

என் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே எஸ்டேட்டில் துரைக்கு வேட்டைத் துணை. தடம் பார்ப்பது, பரண் கட்டுவது, துப்பாக்கி சுமப்பது எல்லாம் அவர்தான். பன்னிரண்டு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரோடு துரை பங்களாவுக்குப் போய்த் துப்பாக்கி துடைப்பேன். குழலுக்குள் துணியை விட்டு இழுப்பது, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுவது என் வேலை. பிறகு ரெவின்யூ டிபார்ட்மெண்டில் சேர்ந்து, சர்வீசில் சில வருடங்கள் கலெக்டர் ஆபீசில் ஆயுத லைசென்ஸ் சீட்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதாவது முதல் பாதியில் துப்பாக்கியைத் தொட்டேன், பின் பாதியில் அதன் காகிதத்தைத் தொட்டேன்.

காலிபர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: அது குழலின் உள் அகலம், ஏறக்குறைய குண்டின் பருமன். .275 என்றால் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 275 பங்கு, அதாவது 7 மி.மீ. .315 என்றால் 8 மி.மீ. .22 என்றால் ஐந்தரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டு போர் என்பது வேறு கணக்கு. குழலுக்குள் சரியாக நுழையும் ஈய உருண்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தால் ஒரு பவுண்டு எடை வரும், அதனால் அந்தப் பெயர். அது 18.5 மி.மீ. அகலம். ஆனால் அதற்குள் ரைபிள் போலத் திருகு வரி கிடையாது. வழவழப்பான குழல். குண்டு சுழலாது. தூரம் போகப் போக எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது .275. இங்கிலீஷ்காரர்கள் அதை .275 ரிக்பி என்பார்கள். ஜெர்மன்காரர்களின் 7×57 மௌசர்தான் அது. 1890களில் பட்டாளத்துக்காகச் செய்த தோட்டா. அதில் போடும் ஒரு வகைக் குண்டின் எடை 140 கிரெயின், அதாவது ஒன்பது கிராம். ஒரு பவுனை விடக் கொஞ்சம்தான் அதிகம். துரையிடம் இருந்ததும் அதுதான். மெலிந்த குழல், தோளில் மாட்டினால் மலை ஏறும்போது பாரம் தெரியாது. சுட்டால் தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அதனால் சுடுகிறவன் பயப்படமாட்டான். பயப்படாதவன் கண்ணை மூடமாட்டான்.

முக்குறுத்திப் பக்கத்துப் புல்வெளியில் வரையாடு பார்க்கப் போனால், ஆடு நம்மை எப்போதும் முதலில் பார்த்துவிடும். மேலே காற்று, கீழே பாறைச் சரிவு. துரை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் போவார். கிழட்டு ஆண் ஆட்டை மட்டும்தான் சுடுவார். இருநூறு கஜத்தில் ஆடு தெளிவாகத் தெரியும். அந்த ரைபிளுக்கு அது பெரிய தூரமே இல்லை. ஆனால் மாமா, "இன்னும் கிட்டப் போலாம் தொரை" என்பார். வயிற்றில் ஊர்ந்து இன்னும் அறுபது கஜம் போவார்கள். பாதி நாள் ஆடு ஓடிவிடும். வெறுங்கையோடு திரும்புவார்கள். மாமாவுக்கு அதில் வருத்தமே இருக்காது.

இந்த .275க்கு ஒரு சரித்திரம் உண்டு. 1907ல் ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டார். அது 436 பேரைக் கொன்றது என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹ்யூவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது .275 ரிக்பிதான். ருத்ரபிரயாகையில் எட்டு வருடம் ஜனங்களை வீட்டுக்குள் பூட்டிவைத்த, சர்க்கார் கணக்கில் 125 பேரைத் தின்ற சிறுத்தையை, 1926ல் ராத்திரி மாமரத்தில் உட்கார்ந்து அந்த ரைபிளால் ஒரே குண்டில் அடித்தார்.

ஆப்பிரிக்காவில் பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அதில் பெரும்பகுதி இதே சின்னத் தோட்டாவால்தான். இதைச் சொல்லி, "யானைக்கே போதும் என்றால் எனக்குப் போதாதா" என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கதையின் மறுபாதியைச் சொல்வதில்லை. பெல் யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த இடம் என்று பாடம் படித்தவர். உடம்பு உப்பாத, ஆழமாகப் போகும் முழு உறைக் குண்டை மட்டும் போட்டவர். சின்னக் குண்டுக்குத் தேவையான படிப்பை அவர் படித்திருந்தார்.

எனக்கு இந்தக் காலிபர் பிடிக்கக் காரணம் அதன் பலம் இல்லை. அது ஆளுக்கு ஆசை காட்டாது. கையில் ஒன்பது கிராம் குண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தவன், கிட்டப் போவான், இடம் பார்ப்பான், சந்தேகம் இருந்தால் இறக்கிவிடுவான். காலிபர்களை நான் தரம் பிரிப்பது இப்படித்தான். எது ஆளை நிதானமாக்குகிறதோ அது நல்லது. எது "பரவாயில்லை, சுடு" என்று காதில் சொல்கிறதோ அது கெட்டது.

அந்தக் கணக்கில் பெரிய காலிபர்களைப் பார்ப்போம். துரையின் நண்பர் ஒருவரிடம் .470 இரட்டைக் குழல் இருந்தது. 500 கிரெயின் குண்டு, அதாவது 32 கிராம். அந்தக் காலிபர் உண்டானதற்கே ஒரு இந்தியக் காரணம் உண்டு. பெரிய மிருகங்களுக்கு அதற்கு முன் .450 தான் பேர்போனது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளும் அதே பருமன் குண்டுதான். கலகக்காரர்கள் கையில் இந்தக் குண்டுகள் போய்விடக்கூடாது என்று, 1907 வாக்கில் பிரிட்டிஷ் சர்க்கார் இந்தியாவில் .450ஐத் தடுத்தது. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? .465, .470, .475 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புதிதாகச் செய்து விற்றார்கள். காட்டெருமைக்கும் யானைக்கும் வேறு வழியில்லை என்றால் அது தேவைதான். மறுக்கவில்லை.

ஆனால் அந்த நண்பர் அதைத் தூக்கும்போதே முகம் மாறும். ஒருநாள் துரை அவருக்குத் தெரியாமல் ஒரு குழலில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். எதிரே மண்ணெண்ணெய் டின். அவர் விசையை இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம்தான். குண்டே போகவில்லை, ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. கண் இரண்டும் மூடியிருந்தன. உதைக்கப் போகிறது என்ற பயம்தான் குழலைக் கீழே இழுத்தது. துரை சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "அடுத்த தடவை இவரு காட்டெருமையைச் சுட்டா, பின்னாடி போறது நான்தானே மாப்ள" என்று என்னிடம் சொன்னார்.

பெரிய மிருகத்துக்கு என்னைக் கேட்டால் .375 என்பேன். 1912ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்தது. 300 கிரெயின் குண்டு. உதை உண்டு, ஆனால் பழகினால் தாங்கலாம். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆபத்தான மிருகங்களுக்கு இதற்குக் குறைந்த காலிபரை அனுமதிப்பதில்லை. அது நியாயமான கோடு.

நம் பக்கத்து வாசகர்கள் கென்னத் ஆண்டர்சனைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நமக்குத் தெரிந்த ஊர்களைப் புத்தகத்தில் ஏற்றியவர். அவர் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா மாற்றும் 1895ம் வருட மாடல். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் சிங்கத்துக்கு அதைத்தான் புகழ்ந்தார். தடித்த, மொட்டை மூக்குக் குண்டு. கிட்டத்தில் இடி போல விழும். தூரம் போனால் வேகம் சீக்கிரம் குறைந்து கீழே இறங்கிவிடும். மூங்கில் புதரில் இருபது முப்பது கஜத்தில் புலியை எதிர்பார்க்கிறவருக்கு அது சரி. நீலகிரிப் புல்வெளிக்கு அது ஆகாது. காலிபருக்கும் ஊர் உண்டு. ஆண்டர்சனை நம்பி ஆகாத இடத்துக்கு அதை வாங்குவது, மதராஸ் வெயிலுக்கு ஊட்டி ஸ்வெட்டர் வாங்குவது போல.

.315ஐப் பற்றி என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. லைசென்ஸ் சீட்டில் நான் பார்த்த ரைபிள்களில் பாதிக்கு மேல் அதுதான். அது ஆஸ்திரியாக்காரர்களின் பழைய மான்லிக்கர் தோட்டா வழியில் வந்தது. பட்டாளத்தின் .303 பொதுஜனத்துக்குத் தடை செய்யப்பட்ட போர் என்பதால், அதற்குப் பதிலாக இந்த 8 மி.மீ. 244 கிரெயின் குண்டு, வேகம் குறைவு. நூறு கஜத்துக்குள் பன்றிக்கும் கடமானுக்கும் தாராளமாகப் போதும். அழகில்லை, ஆனால் ஏழையின் நேர்மையான ரைபிள்.

.303 பற்றியும் ஒரு வார்த்தை. பட்டாளத்திலிருந்து வந்த சிலர் பட்டாளத் தோட்டாவாலேயே மான் சுட்ட கதை சொல்வார்கள். அது தப்பு. பட்டாளக் குண்டு முழு உறை போட்டது. உடம்புக்குள் ஊசி போல நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மிருகம் ஓடிப்போய் எங்கேயோ சாகும். ஈய மூக்கு வெளியே தெரியும் குண்டுதான் உள்ளே போய் மலர்ந்து உடனே சாய்க்கும். கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில் அப்படி ஒன்று செய்ததால்தான் 'டம்டம் குண்டு' என்று பெயர் வந்தது. மனிதன் மேல் அது கொடுமை என்று 1899ல் ஹேக் மாநாட்டில் தடை போட்டார்கள். மிருகத்துக்கோ அதுதான் கருணை. விசித்திரமான கணக்கு. ஆனால் யோசித்தால் புரியும். யுத்தத்தில் எதிரி விழுந்தால் போதும், பிழைக்கலாம். வேட்டையில் விழுந்தது வலியோடு பிழைத்திருக்கக் கூடாது.

இனி பிடிக்காதது. இதில் இரண்டு இருக்கின்றன. முதலாவது .22.

.22 ஒரு நல்ல துப்பாக்கி, டின்னைச் சுடவும் பழகவும். அதன் குண்டு 40 கிரெயின், இரண்டரை கிராம் சொச்சம். .275ன் பலத்தோடு பார்த்தால் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. சத்தம் குறைவு, உதை கிடையாது, தோட்டா மலிவு. அதனால்தான் அது ஆசை காட்டுகிறது. யாருக்கும் கேட்காது, ஒன்று போட்டுப் பார் என்கிறது.

எனக்குப் பதினாறு வயது. துரை ஊரில் இல்லை. துடைக்க எடுத்த .22ஐ எடுத்துக்கொண்டு சோலை ஓரம் போனேன். லைசென்ஸ் துரை பெயரில். நான் தூக்கியதே குற்றம். பின்னாளில் அதே ஆயுதச் சட்டத்தை மேஜையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்கப் போகிறவன் என்று அன்று எனக்குத் தெரியாது. ஒரு கேளையாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது கஜம் இருக்கும். சுட்டேன். துள்ளியது, ஓடியது. தவறிவிட்டது என்று நினைத்து, இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காக்கைகள் கூடுவதைப் பார்த்து மாமா போனார். ஓடைப் பக்கம் கிடந்தது. வயிற்றில் குண்டு. மாமா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். திட்டவில்லை. அது படுத்துப் படுத்து எழுந்த இடங்களை, புல் நசுங்கியிருந்த இடங்களை, ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏழு இடம். பிறகு மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். துரையிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் எந்த மிருகத்தின் மேலும் சுட்டதில்லை.

இரண்டாவது, பன்னிரண்டு போரில் போடும் எல்.ஜி. தோட்டா. ஒரு அவுன்சுக்கு ஆறு என்ற கணக்கில் பெரிய ரவைகள். நம் ஊரில் பெரிய மிருகத்துக்கு எல்லோரும் நம்பியது இதைத்தான். 'ஒரு குண்டு தப்பினாலும் ஒரு குண்டு படும்' என்பது இதன் மந்திரம். அந்த மந்திரம்தான் இதன் விஷமும். ஒரு குண்டு படும், சரி. எங்கே படும்?

1967 என்று நினைவு. லயன் வீடுகளில் நாய்களையும் ஒரு கன்றையும் சிறுத்தை தூக்கியது. துரை பரண் கட்டச் சொன்னார். அந்த வாரம் வந்திருந்த விருந்தாளி ஒருவர் தானே உட்காருவதாகக் கேட்டார். எல்.ஜி. போட்டுக்கொண்டு போனார். மாமா அவரிடம், "பதினஞ்சு கஜத்துக்குள்ள வந்தாத்தான்" என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் நாற்பது கஜத்தில், தேயிலைச் செடி ஓரமாகச் சிறுத்தை போயிற்று. பொறுக்க முடியவில்லை, சுட்டுவிட்டார். இரண்டு ரவை இடுப்பில் பட்டது. அது தேயிலைக்குள் போய்விட்டது. விருந்தாளி மறுநாள் காலை அவசர வேலை என்று காரில் கிளம்பிவிட்டார்.

நாற்பது பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும் தோட்டத்தில், இடுப்பு உடைந்த சிறுத்தை. விட்டுவிட முடியுமா? துரையும் மாமாவும்தான் போனார்கள். இடுப்பளவு செடி, கீழே ஒன்றும் தெரியாது. அது மாமா மேல்தான் பாய்ந்தது. இடது தோளையும் கையையும் கடித்துவிட்டது. துரை குழலை அதன் காதருகே வைத்துச் சுட்டார். அவர் கையில் அன்று இருந்ததும் பன்னிரண்டு போர், உள்ளே எல்.ஜி.தான். நாற்பது கஜத்தில் அந்தத் தோட்டா சிறுத்தையை நொண்டியாக்கியது. கைக்கெட்டும் தூரத்தில் அதே தோட்டா மாமாவின் உயிரைக் காப்பாற்றியது. இதை மறைத்து எழுதினால் நான் நேர்மையானவன் இல்லை. தோட்டாவின் மேல் தப்பில்லை என்று சிலர் சொல்லலாம். நானும் அப்படி யோசித்ததுண்டு. ஆனால் .275ஐக் கையில் வைத்திருந்தால் அந்த மனிதர் அந்த மங்கலான வெளிச்சத்தில், ஓடுகிற மிருகத்தின் மேல் சுட்டிருக்கமாட்டார் என்பது என் நிச்சயமான எண்ணம். ரவை பரவும் என்ற தைரியம்தான் விசையை இழுத்தது.

மாமா பிழைத்தார். இடது கை மடங்கியபடியே நின்றுவிட்டது. பிறகு எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். வேட்டி கட்டக்கூட அத்தை உதவ வேண்டியிருந்தது. அவர் சாகும்வரை அந்த விருந்தாளியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

காயத்தோடு விட்ட மிருகம் என்ன ஆகும் என்பதற்குச் சம்பாவத் புலியே சாட்சி. அதன் வலது பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதி, கீழ்ப் பல் எலும்பு வரை. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் என்றோ அவசரமாக இழுத்த விசைக்கு 436 பேர் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள்.

இப்போது பன்றிக்கு வருகிறேன். காட்டுப்பன்றியால் சோளமும் கடலையும் மரவள்ளியும் போகிற விவசாயியின் கோபம் நியாயமானது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கேரளாவில் 2022லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடச் சொன்னார்கள். இங்கேயும் அப்படிச் செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள்.

எங்கள் சீட்டில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். நம் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முதலில் சொல்லியிருப்பது மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கியைத்தான். 1959ம் வருட ஆயுதச் சட்டம், 13ம் பிரிவு. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கி கொடுக்கலாம். ஆக, விவசாயி கையில் இருப்பது ஒன்று கிட்டித்த துப்பாக்கி, இல்லையென்றால் பன்னிரண்டு போர். கனத்த தோலும் கொழுப்பும் உள்ள பன்றிக்கு, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், இரண்டுமே காயப்படுத்தும் கருவிகள். காயம்பட்ட பன்றி காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற யாரோ ஒருவரின் தொடையைக் கிழிக்கும். எல்லாவற்றையும் விட மோசமானது அவுட்டுக்காய். பழத்துக்குள் வெடி வைத்துப் போடுவது. பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் சிதறிய யானைகள் கோவைப் பக்கம் பட்டினி கிடந்தே செத்திருக்கின்றன. அதற்குக் காலிபரே கிடையாது, குறியும் கிடையாது.

என் கருத்து இதுதான். பன்றியைச் சுடத்தான் வேண்டும் என்று அரசு முடிவு செய்தால், சுடுகிறவர் கையில் ரைபிள் இருக்கட்டும். .315 போதும், .30-06 இருந்தால் இன்னும் நல்லது. ரைபிள் குண்டு வெகுதூரம் போகும், அதனால் மேலே பரணிலிருந்து, பின்னால் மண் இருக்கிற பக்கமாகத்தான் சுடவேண்டும். ஐம்பது கஜம் எல்லை. எல்.ஜி. வேண்டாம். டார்கெட்டில் நாலு விரல்கடைக்குள் மூன்று குண்டு போடத் தெரியாதவரிடம் உத்தரவு கொடுக்கவேண்டாம். முக்கியமாக, சுட்டவர்தான் பின்னால் போய்த் தேடவேண்டும் என்று எழுத்தில் இருக்கவேண்டும். மறுநாள் காரில் கிளம்பிப் போகக்கூடாது.

வரையாட்டைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். 2024ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் 1,031, அடுத்த வருடக் கணக்கில் 1,303 என்று வந்தது. பேப்பரில் அதைப் படித்தபோது மாமா ஞாபகம்தான் வந்தது. போன வருடம் மகன் காரில் முக்குறுத்திப் பக்கம் அழைத்துப்போனான். தூரத்தில் ஒரு கிழட்டு ஆண், முதுகில் வெள்ளைத் திட்டோடு, பாறை மேல் நின்றது. என்னை அது முதலில் பார்த்துவிட்டது. இருநூறு கஜம் இருக்கும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இன்னும் கிட்டப் போகலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன்.